மாமாவுக்கு ஒரு நல்ல பாட்டில்

விருத்தாசலம்
3 ஜூன் 2025

தமிழு,

அக்கா எழுதறேன். போன் பண்ணாம இதென்ன மெயிலுன்னு முழிக்காத. உன் நம்பர என் போன்ல பாத்தாருன்னா உன் மாமா அன்னிக்குப் பூரா சாமி ஆடுவாரு. இது கம்பெனி கம்ப்யூட்டரு. தமிழ்ல அடிக்க உன் மருமவ வெண்பாதான் சொல்லிக் குடுத்தா. மொதலாளி சாப்புடப் போயிருக்காரு. வெளிய பொம்மைங்கள வைக்கோல் வச்சுக் கட்டிக்கிட்டு இருக்காங்க, நான் ஏதோ பில்லு போடறேன்னு நெனச்சுக்குவாங்க.

அம்மாவோட பதினாறாம் நாளு காரியத்துல அவரு குடிச்சிட்டு வந்ததும், நீ ஊரே பாக்க நெஞ்சுல கைய வச்சுத் தள்ளுனதும், அவரு பந்தக்காலோட சாஞ்சதும் நடந்து ரெண்டு வருஷம் ஆவுது. அது சரியா தப்பான்னு பேச வரல. அன்னிலேர்ந்து உன் பேர எடுக்கக் கூடாதுன்னு அவரு இருக்காரு, எங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்னு நீ இருக்க. நடுவுல நான் ஒருத்தி கெடக்கேன். இருக்கட்டும். இப்ப உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.

அமெரிக்காவுல நல்ல சரக்கு எதுடா? ரொம்ப ஒசத்தியும் வேணாம், மட்டமும் வேணாம், நடுத்தரமா. ஆனா தண்ணி கலக்காம குடிக்கிற மாதிரி இருக்கணும். ஏன்னா அவரு தண்ணி கலக்க மாட்டாரு. கடை வாசல்லயே மூடியத் திருவி ராவா ஊத்திக்கிட்டு, வாயத் தொடச்சிக்கிட்டு வராரு. ஈரல் வீங்கியிருக்குது, இத்தோட நிறுத்தலன்னா நான் பொறுப்பில்லம்மான்னு டாக்டரு சொல்லிட்டாரு. வேன் ஓட்டறத வுட்டு நிறுத்திட்டாங்க. இந்த ஊருலேர்ந்து மெட்ராஸுக்கு கொலு பொம்மை லோடு ஏத்திக்கிட்டுப் போயி ஒரு மூக்கு ஒடையாம எறக்குன மனுஷன், இப்ப டம்ளரத் தூக்குனா கை ஆடுது.

நிறுத்தறதுக்கு நான் என்னதான் செய்யலன்னு கேளு. சண்ட போட்டாச்சு, சட்டைய ஒளிச்சு வச்சாச்சு, பேசாம இருந்தாச்சு. குடி மறக்கடிக்கிற எடத்துல ஒரு மாசம் வச்சிருந்தோம். வூட்டுக்கு வர வழியில, பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஒண்ணுக்குப் போயிட்டு வரேன்னு போனவரு நேரா கடைக்குப் போயிட்டாரு. மாசி மாசம் மணவாளநல்லூரு போயி கொளஞ்சியப்பர்கிட்ட பிராதே கட்டிட்டேன். 'என் வீட்டுக்காரர் கொளஞ்சிநாதன் குடியை விடவேண்டும்'னு வெள்ளைத்தாள்ல எழுதி, சாமி பாதத்துல வச்சு வாங்கி, வேல்ல கட்டிட்டு வந்தேன். சாமி பேர வச்சுக்கிட்டவரு மேலயே சாமிகிட்ட பிராது. மூணு மாசத்துல தீர்ப்பு வந்துடும்பாங்க. வரல. நம்ம கேஸு வாய்தாவுல நிக்கிது போல.

எங்க மொதலாளி ராஜமாணிக்கம் ஐயா தெனம் சாயங்காலம் ஒரு அளவு குடிக்கிறவரு. வெளிநாட்டுது. எழுவது வயசுல கல்லு மாதிரி இருக்காரு. 'ஈரலத் தின்னுறது குடி இல்லம்மா, மட்டமான குடி'ங்கறாரு. எனக்கும் அது சரின்னுதான் படுது. நிறுத்தத்தான் முடியல, மாத்தியாவது வுடலாம்ல.

அக்கா பூங்கோதை


லூயிவில், கென்டக்கி
4 ஜூன் 2025

அக்கா,

உன் பேரைப் பார்த்ததும் எங்க டைல்ஸ் கம்பெனி கேன்டீன்ல அத்தனை பேர் முன்னாடி எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. படிச்சு முடிச்சதும் தலையில அடிச்சுக்கிட்டேன்.

உனக்கு புத்தி கித்தி கெட்டுப்போச்சா? வீங்கின ஈரலுக்கு வெளிநாட்டுச் சரக்கா? ஈரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாதுக்கா. உங்க முதலாளி நல்லா இருக்காருன்னா அது அவரோட அதிர்ஷ்டம், சரக்கோட மகிமை இல்லை. விஷத்தை வெள்ளித் தட்டுல வச்சுக் குடுன்னு தம்பிகிட்டயே கேக்கறியே.

இன்னொண்ணும் சொல்லிடறேன். நான் அவரைத் தள்ளினதுல எனக்கு வருத்தமே இல்லை. அம்மா படத்துக்கு முன்னாடி அவர் வாந்தி எடுத்தார். நீ அதை எழுத மறந்துட்ட.

நல்ல ஆஸ்பத்திரியா பாரு, செலவு என்னோடது. பாட்டில் மட்டும் கேக்காதே. வெண்பா என்ன குரூப் எடுத்திருக்கா? அதையாவது எழுதியிருக்கலாம்.

தமிழ்ச்செல்வன்


விருத்தாசலம்
10 ஜூன் 2025

தமிழு,

நல்லாத் திட்டிட்ட. சந்தோஷம். திட்டறதுக்கு அமெரிக்காவுலேர்ந்து ஆளு வரணுமா, இங்கயே நெறைய இருக்குது.

வெண்பா நெட்ல நீ போட்ட போட்டோ ஒண்ணக் காட்டுனா. பின்னாடி அலமாரியில வரிசையா பாட்டிலு, கையில கண்ணாடி டம்ளரு, அடியில தேன் கலர்ல கொஞ்சம். கீழ 'நீட்'னு இங்கிலீசுல எழுதியிருக்க. தண்ணி சோடா ஒண்ணும் சேக்காம குடிக்கிறதுக்கு அதான் பேராம், அவதான் பாத்துச் சொன்னா. அப்ப நீயும் ராவாதானடா அடிக்கிற? நீ குடிச்சா ரசனை, அவரு குடிச்சா குடிகாரனா? நான் நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கல. தெரிஞ்சவன் நீ, உன்னக் கேக்காம யாரக் கேப்பேன்?

ஆஸ்பத்திரிக்கு அவரு வந்தாத்தானே. குண்டுக்கட்டாத் தூக்கிட்டுப் போவ எனக்குத் தெம்பு இல்ல.

ஸ்கூலு தொறந்த அன்னிக்கு, புள்ளைய நானே கொண்டு போயி வுடறேன்னு கெளம்புனாரு. குளிச்சு, வெள்ளச் சட்டை போட்டு, விபூதி வச்சு. எனக்கே பாக்க ஆசையா இருந்துது. ஸ்கூலு கேட்டுக்கு எதுத்தாப்புல அப்புடியே தரையில ஒக்காந்துட்டாரு, எழுந்திரிக்க முடியல. எப்ப குடிச்சாரு, எங்க குடிச்சாரு, ஒண்ணும் தெரியல. புள்ளைங்கல்லாம் பாத்துக்கிட்டே உள்ள போவுதுங்க. வெயிலு. வெண்பா பைலேர்ந்து கொடைய எடுத்து விரிச்சு அவரு தலைக்கு மேல புடிச்சுக்கிட்டு நின்னிருக்கா, பெல்லு அடிக்கிற வரைக்கும். வூட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லல. வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பிளஸ் டூ பயாலஜி எடுத்திருக்கா. நீ கேட்டியே, அதுக்காக எழுதறேன்.

வேற வழி தெரிஞ்சா நான் உன்கிட்ட இதக் கேப்பனா?

அக்கா


லூயிவில்
22 ஜூன் 2025

அக்கா,

இத்தனை நாளா பதில் போடாதது கோபத்துல இல்லை. அந்தப் போட்டோவை நெட்லேர்ந்து அழிச்சுட்டேன். குடை பிடிச்சுக்கிட்டு நிக்கற வெண்பாதான் கண்ணுக்குள்ள நிக்கறா. நீ கேட்டதைச் செய்யறேன். தப்புன்னு தெரிஞ்சே செய்யறேன்.

இந்த ஊர்ல பேர் போனது போர்பன். பிஸ்கட் இல்லை, விஸ்கி. நம்ம ஊருக்கு பொம்மை மாதிரி இந்த ஊருக்கு அது. பாதிக்கு மேல மக்காச்சோளம். காய்ச்சினதைப் புது ஓக் மரப் பீப்பாய்ல ஊத்தி வருஷக்கணக்கா வைக்கறாங்க. பீப்பாயோட உள்பக்கத்தை முதல்லயே நெருப்புல கருக்கிடுவாங்க. நிறம், இனிப்பு, வாசனை எல்லாம் அந்தக் கருகின மரம் குடுக்கறதுதான். மேல எதையும் சேர்க்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு.

அப்படியே குடிக்கணும்னா வீரியம் முக்கியம். நாற்பது சதவீதம்னா சப்புன்னு இருக்கும், ஐம்பத்தஞ்சுக்கு மேல போனா தொண்டையை எரிக்கும். நாற்பத்தஞ்சு கிட்ட இருந்தா நாக்குல நிக்கும். பெரும்பாலும் சோளத்தோட ரை தானியம் சேர்ப்பாங்க, அது மிளகு மாதிரி உறைக்கும். அதுக்குப் பதிலா கோதுமை சேர்த்ததுன்னா சாதுவா இருக்கும். மாமாவுக்கு அதுதான் சரின்னு தோணுச்சு. வயசு ஆறேழு வருஷம் போதும். அதுக்கு மேல போனா விலைதான் ஏறும், மரத்தைக் கடிச்ச மாதிரி ஆயிடும். பேருக்காகவும் பாட்டில் அழகுக்காகவும் விக்கறதை எல்லாம் ஒதுக்கிட்டேன். அரை நாள் அந்தக் கடையில நின்னேன். கடைக்காரர் வயசானவர், பொறுமைசாலி. யாருக்குன்னு கேட்டார், அக்கா வீட்டுக்காரருக்குன்னேன். வழக்கமா என்ன குடிப்பார்னு கேட்டார். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலை. கிடைச்சதைன்னு சொன்னேன்.

எடுத்தாச்சு. ஒண்ணேமுக்கால் லிட்டர் பாட்டில், பழுப்பு லேபிள், தக்கை மூடி. ஒண்ணு மறந்துடாதே, நம்ம ஊர் குவாட்டர்ல இருக்கற வீரியமும் இதுல இருக்கறதும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால பாட்டில் உன் கையில இருக்கணும். சாயங்காலம் ஒரு சின்ன அளவு, முப்பது மில்லி, அதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது. உட்கார்ந்து குடிக்கணும். ஊத்தி கொஞ்ச நேரம் அப்படியே வச்சு, மோந்து பார்த்துட்டு, நாக்கு நுனியில எடுக்கணும். கடையில வாங்கறதை அவர் அடியோட விடணும். விட்டாத்தான் இதுக்கு அர்த்தம்.

மங்கலம்பேட்டை இஃப்திகார், என் கூடப் படிச்சவன், துபாய்லேர்ந்து எங்க ஃபேக்டரிக்கு ட்ரெயினிங் வந்திருக்கான். நீண்ட லீவுல ஊருக்குப் போறான். அவன்கிட்ட குடுத்தனுப்பறேன்.

நான் அனுப்பினேன்னு மாமாகிட்ட சொல்லாதே.

தமிழு


விருத்தாசலம்
14 ஜூலை 2025

தமிழு,

மொதல்ல உன்ன நாலு வார்த்த கேட்டுக்கறேன். உனக்கு ஊரு ஒலகத்துல வேற ஆளே கெடைக்கலயா? அஜீஸா அக்கா வூட்டுப் புள்ளகிட்டயா சாராயத்தக் குடுத்தனுப்புவ? அஞ்சு வேள தொழுவுற வூடு அது. அந்தப் புள்ள கம்பெனி கேட்டாண்ட வந்து, துண்டுல சுத்துனத என் கையில வச்சு, 'அக்கா, உள்ள என்ன இருக்குதுன்னு நான் கேக்கல, நீங்களும் சொல்லாதீங்க, எங்க உம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம்'னுட்டு வண்டியத் திருப்பிக்கிட்டு ஓடியே போயிடுச்சு. எனக்கு சிரிப்பும் வருது, வெக்கமா அழுவையும் வருது.

சரி, நடந்தது சொல்றேன். மொதலாளி குடுத்தாருன்னு சொல்லித்தான் அவரு முன்னாடி வச்சேன். திருப்பித் திருப்பிப் பாத்தாரு. நம்ம வூட்ல கண்ணாடி டம்ளரு ஏது, கம்பெனில கழிச்சுப் போட்ட சின்ன பீங்கான் கிண்ணம் ஒண்ணு கொண்டாந்திருந்தேன். வெண்பா அவ லேப் அளவு குழாயில அளந்து ஊத்துனா. நீ சொன்ன மாதிரியே கொஞ்ச நேரம் வைங்க, மோந்து பாருங்கன்னேன். 'என்னாடி, குடிக்கிறதுக்கு எனக்கே கிளாஸ் எடுக்கறியா'ன்னு சிரிச்சாரு. சிரிச்சாருடா. நாற்காலியில ஒக்காந்து, பனியனோட, கிண்ணத்த ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, காபி குடிக்கிற மாதிரி கொஞ்சங் கொஞ்சமா.

'கருப்பட்டிப் பாகு அடி புடிச்சா வருமே, அந்த வாசன வருது'ன்னாரு. அப்புறம், 'கருகல் வாசனதான், ஆனா நல்லா இருக்குது'ன்னாரு. நீ கருக்கின பீப்பான்னு எழுதியிருந்தியா, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது.

அன்னிக்கு அவரு வெளிய போவல. வெண்பாகிட்ட பாடத்தப் பத்திக் கேட்டாரு. திட்டக்குடி தாண்டி ஒரு தடவ லாரிக்காரன் இடிச்சு, பொம்மை லோட சேத்துக்குள்ள எறக்கி வச்ச கதைய ரசிச்சு ரசிச்சு சொன்னாரு. எனக்கு மனப்பாடம் ஆன கதைதான், திரும்பக் கேட்டேன். தெனமும் இப்ப அப்புடித்தான் நடக்குது. சாயங்காலம் ஆனா கிண்ணத்தக் கழுவி மேசையில வச்சுட்டு ஒக்காந்திருக்காரு. கல்யாணம் ஆன புதுசுல இருந்த மாதிரி இருக்குது எனக்கு. கண்ணு பட்டுடப் போவுதுன்னு பயந்து பயந்து இதை எழுதறேன்.

நீ நல்லா இருப்படா.

அக்கா


லூயிவில்
15 ஜூலை 2025

அக்கா,

எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியாது. கருப்பட்டி அடி பிடிச்ச வாசனை! இங்க அதைச் சொல்லறதுக்குப் புத்தகம் புத்தகமா எழுதறாங்க. வெனிலா, கேரமல், தோல் செருப்புன்னு என்னென்னவோ. மாமா ஒரே வார்த்தையில சொல்லிட்டார். அந்தக் கடைக்காரர்கிட்ட போய் கருப்பட்டின்னா என்னன்னு விளக்கினேன், அவரும் சந்தோஷப்பட்டார்.

அடுத்த பாட்டில் இப்பவே பார்த்து வச்சுட்டேன். அதே விலைதான், கொஞ்சம் ரை சேர்த்தது, கடைசியில மிளகு மாதிரி லேசா உறைக்கும். மாமாவுக்கு இப்ப நாக்கு பழகியிருக்கும், வித்தியாசம் தெரியும். அளவு மட்டும் ஏத்திடாதே. வெண்பாவோட அளவு குழாயை நினைச்சு நினைச்சு சிரிக்கறேன். கைநடுக்கம் எப்படி இருக்கு? ரத்தப் பரிசோதனை ஒண்ணு எடுத்துப் பாரு, ஈரல் கோளாறு குறைஞ்சிருந்தா எனக்கும் தைரியம் வரும்.

அவர் நல்ல மூட்ல இருக்கறப்போ, நான்தான் அனுப்பினேன்னு சொல்லிப் பாரேன். கோபப்பட்டா விட்டுடு. இல்லைன்னா ஒரு ஞாயித்துக்கிழமை நான் போன் பண்ணறேன். என்ன பேசறதுன்னு இப்பவே யோசிச்சுக்கிட்டு இருக்கேன். சரக்கைப் பத்தியே பேசலாம், அது ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச விஷயம்.

தமிழு


விருத்தாசலம்
11 ஆகஸ்டு 2025

தமிழு,

அடுத்த பாட்டில அனுப்பிடாத. அனுப்பியிருந்தா நிறுத்து.

நான் மக்குடா. வடிகட்டுன மக்கு. நான் காலையில கம்பெனிக்கு வந்ததும் அவரு கடைக்குப் போயிக்கிட்டுதான் இருந்திருக்காரு. ஒரு நாள் வுடல. பகல்ல வழக்கம் போல ராவா அது, சாயங்காலம் கிண்ணத்துல இது. ரெண்டும் சேத்து. நாற்றம் வருமேன்னு கேப்ப. நாந்தான் சாயங்காலம் எங்கையால குடிக்கக் குடுக்கறேனே, நாற்றம் வந்தா அதோடதுன்னு இருந்துட்டேன். பகல்ல வந்தத மறைக்கறதுக்கு நானே மறைப்பு கட்டிக் குடுத்திருக்கேன். எதுத்த வூட்டு விருத்தாம்பாள் அத்த மனசு கேக்காம வந்து சொன்னாங்க.

அன்னிக்கு நான் போட்ட சத்தத்துல தெருவே கூடிடுச்சு. எல்லாரும் போனப்புறம் அவரு மெதுவா சொல்றாரு, 'பூங்கோத, அது விருந்துடி. இது சாப்பாடு. விருந்து வந்ததுன்னு சாப்பாட்ட வுட முடியுமா?' நீ படிச்சவன், நீயே சொல்லு.

அந்தப் பாட்டில்ல அவரு கை வச்சதே இல்ல. பீரோ பூட்டுல சாவி தொங்குனா கூட எடுக்க மாட்டாரு. வெண்பா அளந்து ஊத்துனாத்தான். ஒரு வாரமா அதும் வேணாம்னுட்டாரு, உள்ள எடுத்து வைம்மான்னுட்டாரு. திருடிக் குடிச்சாக்கூட திட்டித் தீத்துக்கலாம். மனுஷனுக்கு நல்லதும் தெரியுது, கெட்டதும் தெரியுது, வுட மட்டும் முடியல. இத எந்தக் கடையில போயி மாத்தி வாங்குறது?

கண்ணு மஞ்சளா இருக்குது. வயிறு உப்பிக்கிட்டு வருது.

அக்கா


லூயிவில்
11 ஆகஸ்டு 2025

அக்கா,

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. நாளைக்கு இல்லை, இப்ப. வரமாட்டேன்னா இஃப்திகார் இன்னும் ஊர்லதான் இருக்கான், அவன் கார் எடுத்துட்டு வருவான், சொல்லிட்டேன். நீயா வீட்ல வச்சு ஒரேயடியா குடியை நிறுத்திடாதே, வலிப்பு வரும். எவ்வளவு குடிப்பார்னு டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லிடு.

நான் வரணும்னு நீ எழுதலை. எழுதலைன்னாலும் தெரியுது. என் விசா முடிஞ்சு, நீட்டிப்புக்குப் போட்ட தாள்ல இங்க உட்கார்ந்திருக்கேன். வெளியே போனா அங்க எம்பசியில திரும்ப முத்திரை வாங்கணும், தேதி அடுத்த வருஷம்தான் இருக்கு. போனா வேலையும் போயிடும். வக்கீல்கிட்ட கேட்டேன். அவசரம்னா போங்க, திரும்ப வர்றதுக்கு நான் உத்தரவாதம் இல்லைங்கறார். உங்க டாக்டர் மாதிரியே பேசறார்.

சோளமா கோதுமையா, ஆறு வருஷமா ஏழு வருஷமான்னு அரை நாள் ஒரு கடையில நின்னேன்க்கா. அந்த அரை நாள் நல்ல டாக்டர் யாருன்னு தேடியிருக்கலாம். எனக்குத் தெரிஞ்சது இதுதான்னு இதையே செஞ்சுட்டேன்.

தமிழு


ஆஸ்பத்திரி
2 செப்டம்பர் 2025

தமிழு,

இத வெண்பா போன்லேர்ந்து அடிக்கிறேன். தப்பு இருந்தா பொறுத்துக்க.

வயித்துல குழாய் போட்டு தண்ணி எடுக்கறாங்க. திரும்ப ஊறிடுது. ஆளு பாதி ஆயிட்டாரு, வயிறு மட்டும் இருக்குது. சில நேரம் யாருன்னே தெரியாம பேசறாரு. பாத்து எறக்கு, அடியில வைக்கோல் போடு, பெரிய பொம்மைய மேல வைக்காதன்னு வேன்ல நிக்கிற மாதிரியே கத்தறாரு. பக்கத்து கட்டிலுக்காரங்க சிரிக்கறாங்க. எனக்கு அவங்க மேல கோவம் வரல.

நேத்து தெளிவா இருந்தாரு. உன் பேர அவரே எடுத்தாரு. 'அந்தப் பாட்டிலு உன் தம்பி அனுப்புனதுதானே'ன்னாரு. எப்புடித் தெரியும்னேன். 'உங்க மொதலாளி குடுத்திருந்தா அவரு குடிச்சதுல பாதி மிச்சத்ததான் குடுப்பாரு. மூடி தொறக்காத பாட்டில அந்த மனுஷன் யாருக்காவது குடுப்பாரா'ங்கறாரு. இந்த நெலமையிலயும் வாயப் பாரு. மொத நாளே தெரிஞ்சுக்கிட்டு ஒண்ணும் சொல்லாம குடிச்சிருக்காரு.

பாதியோட ஏன் வேணாம்னாருன்னு அப்பத்தான் சொன்னாரு. 'அவன் ஒரு நாளு வருவான். வந்தா ரெண்டு பேரும் ஒக்காந்து குடிக்கலாம்னு வச்சேன். அவனும் ராவாதான் குடிப்பானாமே, வெண்பா சொன்னா'ன்னாரு. அன்னிக்கு நீ தள்ளுனதுக்கு அவருக்கு இன்னும் கோவம் இருக்குதான்னு கேட்டேன். 'நான் கீழ வுழுந்ததே அவன் தள்ளி இல்ல, கால்ல நிக்க முடியாமதான்'ன்னாரு.

சாயங்காலம் நாலு மணிக்கு பாக்க வுடுவாங்க. அந்த நேரத்துக்கு நீ வெண்பா போனுக்கு கூப்புடு. உங்க ஊருல விடியக்காலம்தான், பரவாயில்ல, எழுந்துக்க. நான் அவரு காதுல வைக்கிறேன்.

அக்கா


லூயிவில்
10 செப்டம்பர் 2025

அக்கா,

வீடியோவுல பார்த்தேன். மாமாவைத் தூக்கறப்போ நெட் நின்னுபோச்சு. திரும்ப வந்தப்போ தெரு மட்டும்தான் தெரிஞ்சுது. மச்சினன் நான் தோள் குடுக்கணும். இஃப்திகார் குடுத்தான்னு வெண்பா சொன்னா.

அன்னிக்கு போன்ல அவர் என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். 'அங்க குளிரா தம்பி'ன்னார். ஆமா மாமான்னேன். குளிரே இல்லைக்கா, விடியறப்பவே நல்ல புழுக்கம். ஏன் அப்படிச் சொன்னேன்னு தெரியலை.

அந்தப் பாட்டிலை உடைச்சுப் போட்டுடு. கெஞ்சிக் கேக்கறேன்.

தமிழு


விருத்தாசலம்
6 அக்டோபர் 2025

தமிழு,

கம்பெனிக்கு வர ஆரம்பிச்சுட்டேன். கொலு முடிஞ்சுது, இப்ப கார்த்திகை வெளக்குக்கு வேல நடக்குது. மொதலாளி கண்ணப் பாத்துப் பேச மாட்டேங்கறாரு. பாவம், அவரு தெரிஞ்சதச் சொன்னாரு.

பாட்டில நான் ஒடைக்கல. ஒடைக்கவும் மாட்டேன். உன் பாட்டிலால ஒண்ணும் ஆவல, அதப் போட்டுக் கொழப்பிக்காத. அதுக்கு முன்னாடியே எல்லாம் ஆயிப்போச்சுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. வெண்பா புஸ்தக அலமாரியில பின்னாடி இருக்குது. அவரு உனக்குன்னு வச்சது. நீ வந்து என்னா செய்யணுமோ செஞ்சுக்க. கொட்டணும்னாலும் நீதான் கொட்டணும்.

ஒரு வேல பாக்கி இருந்துது. அதச் சொல்லத்தான் ஒக்காந்தேன். விருத்தாம்பாள் அத்த ஒரு நாளு வந்து, 'ஏண்டி, அவன் பேருல பிராது கட்டுனியே, வாபஸ் வாங்கிட்டியா'ன்னாங்க. கட்டுன பிராது நெறவேறுனா போயி வாபஸ் வாங்கணும், இல்லன்னா கேஸு அப்புடியே அவங்க பேருல நிக்கும்பாங்க. எனக்கு தூக்கிவாரிப் போட்டுது. செத்தும் அந்த மனுஷன் மேல நான் போட்ட கேஸு நிக்கணுமா? தீட்டு இருக்குது, ஒரு வருஷம் கோயிலுக்குப் போவக் கூடாதுன்னு ஒருத்தர் சொல்றாங்க, உள்ள போவாம வெளிய நின்னு எழுதிக் குடுத்தா தப்பில்லன்னு ஒருத்தர் சொல்றாங்க. நான் யாரையும் கேக்கல. வெண்பாவக் கூட்டிக்கிட்டு மணவாளநல்லூருக்கு பஸ்ஸு ஏறிட்டேன்.

பஸ்ஸுல அவ என் நெத்திய ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே வந்தா. எறங்குனதும் அவ பொட்டுல ஒண்ண எடுத்து எனக்கு ஒட்டி வுட்டா. நான் வேணாம்னு சொல்லல.

பிராது எழுதற எடத்துல ஒரு பெரியவரு ஒக்காந்திருந்தாரு. நல்ல கூட்டம். பேரு ஊரெல்லாம் கேட்டுட்டு, நிமிராமயே, என்ன கோரிக்கைம்மான்னாரு.

வூட்டுக்காரரு குடிய வுடணும்னு கட்டுனதுங்கன்னேன்.

வுட்டுட்டாரான்னாரு.

வுட்டுட்டாருங்கன்னேன்.

அப்பத்தான் நிமிந்து பாத்தாரு. மொகமெல்லாம் சிரிப்பு. 'பாத்தியா தாயி, கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் நம்ம சாமி கைவுட மாட்டாரு. எத்தன பொம்பளைங்க இதே பிராதக் கட்டிட்டு அழுவுறாங்க தெரியுமா? நீ குடுத்து வச்சவ. அவரையும் ஒரு நட கூட்டியாந்திருக்கலாமே'ன்னாரு.

வெண்பா என் கையப் புடிச்சுக்கிட்டா. அடுத்த தடவ கூட்டியாறேங்கன்னு சொல்லிட்டு, அவரு காட்டுன எடத்துல கையெழுத்துப் போட்டேன்.

அக்கா